வலைக்கொட்டகையில் கிடைத்த பழைய பந்தய மோட்டாரை ஓட வைக்கலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உவரிக்குப் பக்கத்தில் தாத்தாவின் வலைக்கொட்டகையைப் பிரித்தபோது சாக்கில் சுற்றிய அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார் ஒன்று கிடைத்திருக்கிறது. தகட்டில் மெர்க்குரி, மார்க் 20ஹெச் என்று இருக்கிறது. கியர் லீவர் இல்லை, புகை வெளியேறும் இடம் திறந்தே கிடக்கிறது, கயிறு சுற்றி இழுத்தால் அசையக்கூட இல்லை. தாத்தா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது, 'ரேஸ் மோட்டார்' என்று வீட்டில் பேச்சு. சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, உங்கள் ஃபைபர் போட்டில் மாட்டி ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் ரிப்பேர் கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இது உண்மையிலேயே பந்தயத்தில் ஓடியதா, ஓடியிருந்தால் அந்த அடையாளம் அழியாமல் இதற்கு உயிர் கொடுக்க முடியுமா? அதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, திசையன்விளையில் முப்பத்து நான்கு வருஷமாக அவுட்போர்டு வேலை பார்க்கிறேன். கூட்டப்புளியிலிருந்து உவரி வரைக்கும் கரையில் ஓடும் சுசுகி, யமஹா மண்ணெண்ணெய் மோட்டார்கள்தான் என் சோறு. பந்தய மோட்டார் என்று நான் முழுதாகப் பிரித்துப் பூட்டியது நான்கே நான்கு. ஆகவே ரிப்பேர் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் மோட்டாரின் ஜாதகத்தை நான்கு போட்டோவை வைத்துக் கணிக்க மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகடு அந்த மோட்டாருக்கே உரியது என்றால், அது பந்தயத்துக்கென்றே கம்பெனி செய்த மாடல். 1950-களில் வந்தது. இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 20 கன அங்குலம், நம் கணக்கில் 325 சிசி பக்கம். பெயரின் கடைசியில் உள்ள 'ஹெச்' தான் முக்கியம். அந்த எழுத்து உள்ள மெர்க்குரிகள் 'குயிக்சில்வர்' என்ற பந்தய அடிப்பாகத்தோடு வந்தவை. தண்ணீருக்குள் போகும் பாகம் மீன் போல ஒல்லியாக இருக்கும். நியூட்ரல் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆன நொடியில் புரொப்பெல்லரும் சுற்றும். உங்கள் போட்டோவில் தெரிவதும் அந்த வடிவந்தான்.

நம் பக்கத்தில் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட விடுகிறோம் இல்லையா, அமெரிக்காவில் அவுட்போர்டு பந்தயத்தையும் அப்படித்தான் பிரித்தார்கள். சிலிண்டரின் கொள்ளளவுதான் அங்கே அளவுகோல். 20 கன அங்குலம் பி வகுப்பு, 30 என்றால் சி வகுப்பு. கடையில் விற்கும் மோட்டாரை அதிகம் கைவைக்காமல் ஓட்டும் 'ஸ்டாக்' பந்தயம், இஷ்டம்போலத் திருத்தி, பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் என்ற சாராய வகை எரிபொருளில் ஓட்டும் பந்தயம் என்று இன்னொரு பிரிவும் உண்டு. ஸ்டாக் பந்தயத்தில் ஜெயித்தவனின் எஞ்சினை அங்கேயே பிரித்து அளந்து பார்ப்பார்கள். மெல்லிய பிளைவுட் படகில், ஓட்டுபவர் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் வேகம் கூட்டும் திராட்டிலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போவார். தண்ணீரில் தூக்கியெறியப்பட்டால் கை விட்டுப்போகும், ஸ்பிரிங் இழுத்து திராட்டில் தானாக மூடிக்கொள்ளும். உங்கள் மோட்டாரோடு அந்தப் பிடி கிடைத்ததா என்று கொட்டகையில் இன்னொரு முறை தேடிப் பாருங்கள். பிரேக் லீவர் மாதிரி இருக்கும், பழைய சைக்கிள் சாமான் என்று யாராவது ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

இந்த மோட்டார்களுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் மோட்டார் விற்கத் தொடங்கினார். அதற்கு இருபது வருஷத்துக்குள் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைக் கட்டிக்கொண்டு ஹட்சன் ஆற்றில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1939-இல் கார்ல் கீக்காஃபர் விஸ்கான்சினில் நொடித்துப் போன ஒரு மோட்டார் தொழிற்சாலையை வாங்கினார். அதிலிருந்து வந்ததுதான் மெர்க்குரி. போருக்குப் பிறகு அவருடைய மோட்டார்களில் பத்துக் குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். தண்ணீரில் இறக்கினால் அதற்கு மேலேயே இழுக்கும். பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1958-இல் ஹியூ எண்ட்ராப் என்பவர் ஆறு சிலிண்டர் மெர்க்குரி மார்க் 75ஹெச் கட்டிய படகில் மணிக்கு 107 மைல், அதாவது 170 கிலோமீட்டருக்கும் மேல் போய் உலக சாதனை செய்தார். உங்கள் கொட்டகையில் கிடந்தது அந்த மோட்டாரின் தம்பி.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜெர்மன்காரருடையது. பெர்லினில் டீட்டர் கோனிக் என்பவரின் பட்டறையில் பந்தயப் படகுகளுக்காக நான்கு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் செய்தார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம், அந்தப் படகு எஞ்சினையே மோட்டார் சைக்கிளில் பொருத்தி 500 சிசி உலகப் போட்டியில் இறங்கினார். 1973-இல் யுகோஸ்லாவியா கிராண்ட் பிரியில் ஜெயித்தார். அதே வருஷம் ஆகஸ்டில் சில்வர்ஸ்டோன் களத்தில் விபத்தில் இறந்துபோனார். ஆனாலும் சேர்த்து வைத்த புள்ளிகளால் அந்த வருஷம் உலகத்தில் இரண்டாவது இடம் அவருக்குத்தான். பெரிய கம்பெனிகளை எதிர்த்து நின்றது படகுக்காகச் செய்த ஒரு எஞ்சின். நம் பக்கமும் இந்தப் பந்தயம் வராமல் இல்லை. 2018 நவம்பரில் அமராவதிக்காக விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் எஃப்1 படகுப் பந்தயம் நடந்தது. அதில் ஓடியதும் மெர்க்குரியின் வி6 டூ-ஸ்ட்ரோக் மோட்டார்தான். கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்போது உங்கள் மோட்டாருக்கு வருவோம். அந்த மாடல் பந்தய மாடல் என்பது ஒன்று. உங்கள் கையில் இருக்கும் மோட்டார் பந்தயத்தில் ஓடியதா என்பது வேறு. வாங்கி வைத்து உல்லாசமாக ஓட்டியவர்களும் உண்டு. ஓடியதற்கான சாட்சி மோட்டாரின் உடம்பிலேயே இருக்கும். போல்ட் தலைகளைப் பாருங்கள். குறுக்கே ஊசித் துளை போட்டிருந்தால் அது அதிர்வில் கழலாமல் இருக்கக் கம்பி கோத்துக் கட்டுவதற்காக. சாதாரண ஆள் அந்த மெனக்கெடல் படமாட்டான். பிறகு புரொப்பெல்லர். பந்தயப் புரொப்பெல்லர் பெரும்பாலும் வெண்கலம், இரண்டே இலை, விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருக்கும். இலையின் ஓரத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் லேசாக உள்பக்கம் மடித்துத் தட்டியிருந்தால், அரம் ஓடிய கோடு தெரிந்தால், யாரோ ஒருவர் அதை மாட்டி ஓட்டிப் பார்த்து, கழற்றித் தட்டி, மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். தயவுசெய்து அதைக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளப்பாக்கப் போகாதீர்கள். புளி போட்டுத் துலக்கினால்கூட வெண்கலத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. பஃப் மெஷினில் கொடுத்தால் அந்த விளிம்பே போய்விடும்.

மூன்றாவது சாட்சி விளக்கெண்ணெய். சிரிக்க வேண்டாம், மெத்தனாலில் ஓடிய பந்தய மோட்டார்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் மசகு. சாதாரண மினரல் ஆயில் மெத்தனாலில் கலக்காது, ஆமணக்கு எண்ணெய் கலக்கும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த எண்ணெய் எரிந்து காய்ந்தால் உள்ளே தேன் நிறத்தில் பிசின் மாதிரிப் படியும். கார்புரேட்டருக்குப் பின்னால் அந்தப் பிசின் இருந்தால் ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், இன்னொரு துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். மண்ணெண்ணெய்க்கு அசையாமல் ஸ்பிரிட்டுக்கு இளகினால் பெரும்பாலும் ஆமணக்குதான். இதிலும் சந்தேகத்துக்கு இடம் உண்டு. பெட்ரோலில் ஆமணக்கு கலந்து ஓட்டியவர்களும் இருந்தார்கள், ரொம்பப் பழகி இறுகிய பிசின் எதற்கும் இளகாது. ஆகவே கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளையுள்ள மெயின் ஜெட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே அளவு காற்றுக்கு பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் வேண்டும், அதனால் ஜெட்டின் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள். பிசினும் துளையும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

இதையெல்லாம் முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. பல வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் பழைய ஜான்சன் பந்தய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. பிரித்த அன்றைக்கே எஞ்சினின் கனத்த சுழல்சக்கரமான பிளைவீலை மணல் அடிக்கக் கொடுத்துவிட்டேன். புதுசு மாதிரி வெள்ளையாகத் திரும்பி வந்தது. அதன் விளிம்பில் அரத்தால் இழுத்த இரண்டு சின்னக் கோடுகள் இருந்ததை அப்புறம்தான் முதலில் எடுத்த போட்டோவில் பார்த்தேன். அந்த மோட்டாரை ஓட்டிய பந்தயக்காரர் தனக்கென்று கண்டுபிடித்த டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழ வேண்டிய நேரத்தின் குறி அது. மணலில் போனது போனதுதான். திரும்ப அந்த இடத்தைப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. பிடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கிட்டத்தில் வந்தேன். வண்ணாரப்பேட்டையில் எனக்கு லேத் வேலை சொல்லிக்கொடுத்த அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "ஏல, அழுக்க தொடைக்க முந்தி அது என்ன சொல்லுதுன்னு கேக்கணும்லா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மோட்டார் வந்தாலும் ஒரு வாரம் துடைக்காமல் வைத்திருந்து போட்டோ எடுத்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன்.

அசையவில்லை என்கிறீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் கயிற்றை இழுக்காதீர்கள், பிளைவீலில் சுத்தியலும் வைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் பெட்டிக்கு விடும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் விட்டு, பிளக் துளையைத் துணியால் அடைத்து, தீப்பொறி இல்லாத இடத்தில் வையுங்கள். தினமும் கொஞ்சம் விடுங்கள். பத்து நாளிலும் இளகும், இரண்டு மாதமும் ஆகும். இந்த மெர்க்குரிகளில் சிலிண்டர் ஹெட் தனியாகக் கழலாது, பிளாக்கோடு சேர்த்தே வார்த்தது. நம் பஜாஜ் வண்டி மாதிரி ஹெட்டைத் தூக்கிவிட்டு மேலிருந்து பிஸ்டனைத் தட்டலாம் என்று யாராவது வந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

கடற்கரையில் கிடந்த மோட்டாரில் மோசமான இடம் போல்ட்டுகள். அலுமினியத்துக்குள் இரும்பு, நடுவில் உப்பு. வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கும். முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். நான் செய்வது இது: போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் துணி சோப்புத் துண்டால் ஒரு கோடு இழுப்பேன். சின்ன கேஸ் டார்ச்சால் போல்ட்டை விட்டுவிட்டு அலுமினியத்தை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குவேன். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். அலுமினியம் சிவந்து காட்டாது, திடீரென்று உருகித்தான் காட்டும். அதற்காகத்தான் சோப்புக் கோடு. அது பழுப்பாகத் தொடங்கினால் சூடு மிஞ்சுகிறது என்று தீயை எடுத்துவிட வேண்டும். உடனே போல்ட் தலையோரம் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகிச் சர்ரென்று மரைக்குள் இறங்கும். அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறவிட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம் ஒரு மயிரிழை. இப்படிப் போகப் போக ஒரு கிறீச் சத்தத்தோடு விடும். ஒரு போல்ட்டுக்கு அரைநாள் ஆனாலும் ஆகட்டும்.

உள்ளே பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் உருளைகள் இருக்கும். கூடு இல்லாமல் உதிரியாக இருக்கலாம், ஆகவே கீழே வெள்ளை வேட்டி விரித்துப் பிரித்து, எண்ணி எழுதி வையுங்கள். ராடின் மூடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் திரும்ப உட்கார வேண்டும். ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. கிராங்க் பின்னில் துருப் புள்ளி குழியாக விழுந்திருந்தால் அதை வைத்து ஓட்டக் கூடாது. காட்சிக்கு வைக்கலாம். இந்த ஒரு இடத்தைப் பார்த்துத்தான் உங்கள் மோட்டார் ஓடுமா என்று தீர்ப்புச் சொல்ல முடியும், அதை நேரில் தொட்டால்தான் எனக்கும் தெரியும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோவில் காயிலும் கண்டென்சரும் இவ்வளவு வருஷத்துக்குத் தாங்கியிருக்காது, மாற்றத்தான் வேண்டும். பழையதைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

எரிபொருள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டரில் மிதவை தக்கையால் செய்திருந்தால் அதன் மேல் பூசியது அரக்கு. எத்தனால் அதைக் கரைத்துவிடும், தக்கை ஊறி மூழ்கும், பெட்ரோல் வழியும். அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் அது தின்றுவிடும். குழாயை மாற்றுங்கள், தக்கைக்கு எத்தனால் தாங்கும் பூச்சுக் கொடுங்கள், ஓட்டி முடித்ததும் ஒரு சொட்டு இல்லாமல் வடித்துவிடுங்கள். இரண்டாவது, மண்ணெண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். நம் கரை மோட்டார்கள் அதற்கென்று கம்ப்ரஷன் குறைத்துச் செய்தவை. ஒரு கடற்கரை ஊரில் இதே மாதிரிப் பழைய மோட்டாரில் மண்ணெண்ணெய் விட்டு முழு வேகத்தில் ஓட்டிவிட்டு என்னிடம் தூக்கி வந்தார்கள். பிஸ்டன் தலையில் பத்து பைசா அளவுக்கு ஓட்டை. அந்த பிஸ்டன் இன்னும் என் மேஜையில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

ஃபைபர் போட்டில் மாட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அதன் தண்டு குட்டை, புரொப்பெல்லர் இலகுவான படகுக்காகச் செய்தது. வலையும் ஐஸ் பெட்டியும் நாலு ஆளும் உள்ள போட்டைத் தள்ளச் சொன்னால் வேகம் எடுக்காமல் திணறிச் சூடேறும். அதைவிட முக்கியம், இந்தப் பந்தய அடிப்பாகங்கள் பலவற்றில் தண்ணீர் பம்பே கிடையாது. படகு போகும் வேகமும் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீரும்தான் எஞ்சினைக் குளிரவைக்க மேலே ஏற்றும். மெதுவாகப் போனால் தண்ணீர் ஏறாது. நியூட்ரலும் இல்லாமல் உவரிக் கரையின் அலையில் இறக்குவது ஆளுக்கே ஆபத்து.

ஓட வைத்துக் கேட்க ஆசை இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஒரு இரும்பு ஸ்டாண்டில் இறுகப் பூட்டி, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீர்க் குழாயை நேராக எஞ்சினின் தண்ணீர் வழியில் கொடுத்து, பதினாறு லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் கலந்து, குறைந்த வேகத்தில் அரை நிமிஷம் ஓட்டலாம். பளு இல்லாமல் வேகம் கொடுத்தால் சிதறிவிடும், திராட்டிலில் கை வைக்காதீர்கள். ஆற்றில் இறக்கிப் பார்க்கிறேன் என்று தாமிரபரணிக்குக் கொண்டு போக வேண்டாம். இவ்வளவு ஆயில் குடிக்கும் மோட்டார் புகையோடு அதைத் தண்ணீரிலும் துப்பும், நாமெல்லாம் குடிக்கிற தண்ணீர் அது.

பெயிண்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மெர்க்குரியின் பழைய பச்சை எங்காவது ஒரு மூலையில் மிச்சம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். இப்போதைக்குத் தகடு, போல்ட் தலைகள், புரொப்பெல்லரின் நடுவில் வெட்டியிருக்கும் எண்கள், பிளைவீலின் விளிம்பு சுற்றிலும், இவற்றை வெயிலில் வைத்துக் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள். தாத்தாவோடு கொழும்பில் இருந்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் அந்த மோட்டாரை எங்கே ஓட்டினார் என்று கேட்டு, அவர்கள் சொல்லுகிறபடியே எழுதி வையுங்கள். பிளக் துளையில் எண்ணெயை இன்றைக்கே விட்டுவிடுங்கள். இளகியதும் திசையன்விளைக்குக் கொண்டு வாருங்கள், கிராங்க்கைச் சேர்ந்தே திறந்து பார்ப்போம்.